பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும்: ஜூலியஸ் ரோசன்வால்டின் கதை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் பேட்ச்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே, வேலையில் ஒரு சங்கடமான நேரத்தில் எனக்கு வழி காட்டிய ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஜூலியஸ் ரோசன்வால்ட். இறந்து 90 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் கம்பெனியை ஆளாக்கியவர் என்றும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர் என்றும் பெயர் பெற்றவர். இன்ஜினியர் இல்லை. பள்ளிப் படிப்பைக்கூட முழுதாக முடிக்காதவர். அவரிடம் நமக்கு என்ன பாடம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில் அந்தச் சங்கடம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்பாட்ச் திட்டமிடும் வேலையில் இருந்தேன். ஒரு விவசாயி போர்வெல்லுக்கு ஒரு செட் ஆர்டர் கொடுத்திருந்தார். பம்பும் மோட்டாரும் சொன்ன தேதிக்குப் போய்விட்டன. கேபிள் இரண்டு நாள் கழித்துப் போனது. பேனல் போர்டு மட்டும் போகவே இல்லை. பதினோராவது நாள் அவரே பஸ் ஏறி ஆபீசுக்கு வந்துவிட்டார். தக்காளி நாற்று பாதிக்கு மேல் காய்ந்து போயிருந்தது. எல்லா டிபார்ட்மெண்ட்டையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். சேல்ஸ்காரர்கள் ஆர்டரை அன்றைக்கே அனுப்பியிருந்தார்கள். ஸ்டோர்ஸில் இன்டென்ட் வந்த தேதி சரியாக எழுதியிருந்தது. பேனல் வேறு ஷெட்டிலிருந்து வரவேண்டியது. அவர்கள் கணக்கிலும் தப்பில்லை. நானும் என் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டி, எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எங்கள் ரிஜிஸ்டர்களைப் பார்க்க வரவில்லை. தண்ணீர் கேட்டு வந்திருந்தார்.

எல்லார் கணக்கும் சரியாக இருந்தும் ஆர்டர் எப்படித் தப்பாகிறது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் ரோசன்வால்ட் கிடைத்தார்.

துணிக்கடைப் பையன்

1862-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார் ரோசன்வால்ட். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகப் போகும்வரை குடியிருந்த வீடு அதே ஊரில், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அப்பா சாமுவேல் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த யூதர். முதலில் ஊர் ஊராகச் சுமை தூக்கிச் சரக்கு விற்றவர், பிறகு துணிக்கடைக்காரர்.

பையன் ஹைஸ்கூலில் இரண்டு வருடம் படித்ததோடு சரி. 16 வயதில் நியூயார்க்கில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த மாமாக்களிடம் தொழில் பழக அனுப்பிவிட்டார்கள். 1885-இல் சிகாகோவுக்கு வந்து, உறவினர் ஒருவரோடு சேர்ந்து ஆண்களுக்கான ரெடிமேட் உடைகள் தைக்கும் கம்பெனி தொடங்கினார். 1890-இல் அகஸ்டா நஸ்பாம் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள். இதுவரை பார்த்தால் சாதாரண வியாபாரிதான். அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர் அவரிடம் சூட் வாங்கிய ஒரு வாடிக்கையாளர். பெயர் ரிச்சர்ட் சியர்ஸ்.

விளம்பரப் புலி

சியர்ஸ் ஒரு ரயில்வே ஸ்டேஷன் ஏஜென்ட். மினசோட்டா மாநிலத்தில் ஒரு குட்டி ஸ்டேஷனில் வேலை. 1886-இல் உள்ளூர் நகைக்கடைக்காரர் வேண்டாம் என்று விட்டுவிட்ட கைக்கடிகாரப் பார்சல் ஒன்று அங்கே கிடந்தது. கைக்கடிகாரம் என்றால் அப்போது சட்டைப்பையில் வைக்கும் சங்கிலிக் கடிகாரம். அதை வாங்கி மற்ற ஸ்டேஷன் ஏஜென்ட்டுகளுக்கு விற்று லாபம் பார்த்தார். அந்த ருசி விடவில்லை. வேலையை விட்டுவிட்டுத் தபால் மூலம் கடிகாரம் விற்கத் தொடங்கினார். ரிப்பேர் பார்க்க ஆல்வா ரோபக் என்ற கடிகாரத் தொழிலாளியைச் சேர்த்துக்கொண்டார். 1893-இல் இருவர் பெயரிலும் சியர்ஸ் ரோபக் கம்பெனி வந்தது.

விளம்பரம் எழுதுவதில் சியர்ஸ் கில்லாடி. அவர் எழுத்தைப் படித்தால் தேவையில்லாதவனுக்கும் வாங்கத் தோன்றும். அன்றைய அமெரிக்க விவசாயி பக்கத்து ஊர்க் கடைக்காரர் சொன்ன விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். வேறு கடை கிடையாது. அந்த மனிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு தடித்த கேட்லாக்கைப் புரட்டி, ஊசியிலிருந்து உழவுக் கருவி வரை பட்டணத்து விலைக்கு ஆர்டர் செய்யலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! பிடிக்கவில்லையென்றால் பணம் வாபஸ் என்ற உறுதி வேறு. ஆர்டர்கள் குவிந்தன.

ஆனால் ரோபக்குக்கு இந்த வேகம் தாங்கவில்லை. 1895-இல் தன் பங்கை 25,000 டாலருக்குக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். அதே வருடம் ரோசன்வால்டும் அவர் மைத்துனர் ஏரன் நஸ்பாமும் ஆளுக்கு 37,500 டாலர் போட்டுக் கம்பெனியில் பாதியை வாங்கினார்கள். அந்த வருட விற்பனை சுமார் 7,50,000 டாலர். 1900-இல் அது ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஐந்து வருடத்தில் பத்து மடங்குக்கு மேல்!

வெள்ளமாய் வந்த ஆர்டர்

நம்மில் தொழில் நடத்துகிறவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லாமலே தெரியும். ஆர்டர் வராமல் செத்த கம்பெனிகள் உண்டு. ஆர்டர் வந்தே செத்த கம்பெனிகளும் உண்டு.

சிகாகோவில் அங்கங்கே வாடகைக் கட்டடங்களில் சரக்கு கிடந்தது. ஒரு கடிதத்தில் ஒரு விவசாயி ஒரு தையல் மிஷின், இரண்டு சட்டை, ஒரு லாந்தர், மனைவிக்கு ஒரு தொப்பி கேட்டிருப்பார். நான்கும் நான்கு டிபார்ட்மெண்ட். மூன்று வந்து நாலாவதுக்காகக் காத்துக் கிடக்கும். அதற்குள் வந்த மூன்றில் ஒன்று காணாமல் போகும். பாதி மட்டும் போய்ச் சேரும். தப்பான சரக்கு போகும். விவசாயி திருப்பி அனுப்புவார். பதிலுக்கு இன்னொரு தப்பு போகும். தயவுசெய்து தையல் மிஷின் அனுப்புவதை நிறுத்துங்கள், ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வந்து கிடக்கிறது, இதோடு ஐந்து ஆகிவிட்டது என்று ஒரு வாடிக்கையாளர் கெஞ்சி எழுதியதாக ஒரு கதை அந்தக் கம்பெனி வரலாற்றில் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்குக் கனமான பார்சல் எதுவும் வீட்டுக்கு வராது. வண்டி கட்டிக்கொண்டு பல மைல் போய் ரயில்வே ஸ்டேஷனில்தான் எடுத்து வரவேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவருக்குச் சிரிப்பு வராது. எனக்கு அந்தத் தக்காளி விவசாயிதான் ஞாபகம் வந்தார்.

இதற்கு வேர் எங்கே என்று பார்க்க வேண்டும். சியர்ஸ் கம்பெனியில் ஒவ்வொரு சரக்கு டிபார்ட்மெண்ட்டும் ஒரு தனி சமஸ்தானம். தலைவர்தான் வாங்குவார், விலை வைப்பார், லாப நஷ்டத்துக்குப் பதில் சொல்வார். செருப்பு டிபார்ட்மெண்ட் தலைவர் செருப்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். துணிக்காரர் துணியில் புலி. இந்தச் சுதந்திரம்தான் அவர்களைத் திறமையாக உழைக்க வைத்தது. ஆனால் ஒவ்வொருவரும் தன் சரக்கைத் தன் வசதிப்படி அனுப்பினார்கள். வாடிக்கையாளருக்கோ செருப்பு டிபார்ட்மெண்ட்டும் தெரியாது, துணி டிபார்ட்மெண்ட்டும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு கடிதம், ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

கால் மணி நேரக் கணக்கு

சரக்கை ஆர்டர்படி கட்டி அனுப்பும் முழுப் பொறுப்பும் ஓட்டோ டோரிங் என்பவரிடம் இருந்தது. அவர் கண்டுபிடித்த வழி இன்றைக்குப் படித்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் படிக்கும் தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

காலையில் தபால் மூட்டைகள் வந்தவுடன் எடை போடுவார்கள். எடையை வைத்தே இன்றைக்குச் சுமார் எத்தனை ஆர்டர் என்று தெரிந்துவிடும். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு வேலை வரும் என்று ஆட்கள் தயாராகலாம். கடிதங்களை மிஷின் பிரிக்கும். பணம் சரிபார்த்த பிறகு அந்த ஆர்டருக்கு ஒரு நேரம் குறிக்கப்படும். அந்த நேரம் என்பது 15 நிமிடம் கொண்ட ஒரு இடைவெளி. ஆர்டரில் எத்தனை பொருள் இருக்கிறதோ அத்தனை சீட்டுகள் எழுதப்பட்டு, அந்தந்த டிபார்ட்மெண்ட்டுக்குப் போகும். ஒவ்வொரு சீட்டிலும் அதே நேரம். கட்டுமானக் கூடத்தில் அந்த ஆர்டருக்கென்று ஒரு பெட்டித் தட்டு ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லா டிபார்ட்மெண்ட்டும் தங்கள் பொருளை அந்தத் தட்டில் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். நேரம் முடிந்ததும் தட்டைக் காலி செய்து, கட்டி, அனுப்பிவிடுவார்கள். அடுத்த பதினைந்து நிமிடத்துக்கு அதே தட்டு வேறொரு ஆர்டருக்கு.

ஒரு டிபார்ட்மெண்ட் தவறவிட்டால்? பெட்டி காத்திருக்காது. வந்த பொருள்கள் போய்விடும். விட்டுப்போனது தனியாகப் போகும். அதற்கான கூடுதல் செலவு முழுவதும் தாமதம் செய்த டிபார்ட்மெண்ட்டின் கணக்கில் ஏறும். யாரையும் கூப்பிட்டுத் திட்ட வேண்டாம். மாதக் கடைசியில் லாபக் கணக்கே திட்டும்.

நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இட்லி வரும்போது சாம்பார் தீர்ந்திருக்கும், சாம்பார் வரும்போது இட்லி ஆறியிருக்கும். இட்லி தட்டுக்காரர் மேல் தப்பில்லை, சாம்பார் வாளிக்காரர் மேலும் தப்பில்லை. ஆனால் நாம் பசியோடு வகுப்புக்கு ஓடுவோம். அதே சமயம், நல்ல சமையல்காரர் நடத்தும் கல்யாணப் பந்தியைப் பாருங்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு முதல் அப்பளம் வரை வரிசையாக வந்து, சாதம் விழும்போது பருப்பும் நெய்யும் கூடவே வரும். டோரிங் செய்தது நாளெல்லாம் நடக்கும் பந்திக்குக் கடிகாரம் வைத்தது போல.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. டோரிங் டிபார்ட்மெண்ட்டுகளைக் கலைக்கவில்லை. செருப்புக்காரர் செருப்பை எப்படி வாங்குவது, எங்கே அடுக்குவது என்று சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அது அவரவர் பாடு. எல்லாரும் வந்து சந்திக்கும் அந்த ஒரு இடத்தையும் அந்த ஒரு நேரத்தையும் மட்டும் பொதுவாக்கினார். அதில் யாருக்கும் விலக்கு இல்லை.

சமஸ்தானாதிபதிகள் இதைச் சும்மா ஏற்றுக்கொள்வார்களா? நிறைய எதிர்ப்பு. என் சரக்குக்கு நேரம் குறிக்க இவர் யார் என்ற கோபம். அந்த இடத்தில்தான் ரோசன்வால்ட் தேவைப்பட்டார். திட்டம் அவர் மூளையில் உதித்ததில்லை. ஆனால் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. டோரிங்கின் பின்னால் அவர் நின்றார். அவர் நின்றிருக்காவிட்டால் நல்ல திட்டங்கள் பலவும் போகும் இடத்துக்கே இதுவும் போயிருக்கும்: ஃபைலுக்குள்.

நாற்பது ஏக்கர் தொழிற்சாலை

இந்த முறை முழுதாக ஓட ஏற்ற கட்டடம் வேண்டும். சிகாகோவின் மேற்கே ஹோமன் அவென்யூவில் சுமார் 40 ஏக்கரில், 50 லட்சம் டாலர் செலவில் ஒரு வளாகம் எழுந்தது. 1905-இல் வேலை தொடங்கி 1906-இல் குடிபோனார்கள். ஒன்பது மாடிச் சரக்குக் கட்டடம், அதற்குள்ளேயே ரயில் தண்டவாளம், லிஃப்டுகள், கன்வேயர்கள், மேல் மாடியிலிருந்து பொருளைச் சறுக்கி இறக்கும் சரிவுக் குழாய்கள், கட்டடத்துக்குக் கட்டடம் சீட்டு அனுப்பக் காற்றழுத்தக் குழாய்கள். உச்ச நாட்களில் ஒரு லட்சம் ஆர்டர் வரை கையாண்டது அந்த இடம். கம்ப்யூட்டர் கிடையாது, பார்கோடு கிடையாது. சீட்டு, கடிகாரம், சரிவுக் குழாய். இவ்வளவுதான். ஹென்றி ஃபோர்டின் ஓடும் அசெம்பிளி லைன் வந்தது 1913-இல் என்பதையும் இங்கே நினைவில் வைக்கவும்.

இந்தக் கட்டடத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால்தான் 1906-இல் கம்பெனி பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. ரோசன்வால்டின் பழைய நண்பர் ஹென்றி கோல்ட்மேன் அதற்கு ஏற்பாடு செய்தார்.

இரண்டு முதலாளிகள்

1907-இல் அமெரிக்காவில் பணத் தட்டுப்பாடு வந்தது. விற்பனை சரிந்தது. சியர்ஸ் சொன்ன மருந்து, இன்னும் அதிக விளம்பரம். ரோசன்வால்ட் சொன்ன மருந்து, செலவைக் குறைப்போம், விளம்பரத்தையும் சேர்த்து. இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். சியர்ஸுக்கு வாடிக்கையாளர் என்றால் இனிமேல் வாங்கப் போகிறவர். ரோசன்வால்டுக்கு வாடிக்கையாளர் என்றால் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர். நான் புரிந்துகொண்டது இப்படி. கடைசியில் ரோசன்வால்ட் பக்கம் ஜெயித்தது. 1908-இல் சியர்ஸ் விலகினார். ரோசன்வால்ட் தலைவரானார். தன் பெயரில் இருந்த கம்பெனியை விட்டுப் போன சியர்ஸ் 1914-இல் காலமானார். அவர் இல்லாமல் அந்தக் கம்பெனியே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஆர்டரே வராத இடத்தில் டெஸ்பாட்ச் முறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தலைவரான பிறகு கேட்லாக்கிலிருந்த அளப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1911-இல் சரக்கைச் சோதிக்க ஒரு பரிசோதனைக் கூடம் வந்தது. எழுத்தில் உள்ள பொருளும் பெட்டியில் உள்ள பொருளும் ஒன்றா என்று பார்ப்பதே அதன் வேலை. எல்லா நோயும் தீரும் என்று விற்ற பாட்டில் மருந்துகளை 1913-இல் கேட்லாக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதே 1913 ஜனவரி 1 முதல் அமெரிக்கத் தபால் துறை பார்சல்களை வீடுவரை கொண்டுபோக ஆரம்பித்தது. ஆர்டர்கள் மறுபடி பெருகின. இந்த முறை கம்பெனி தடுமாறவில்லை.

எல்லாம் நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடம் தவறாத அந்தக் கூடத்தில் சீட்டு எழுதியவர்களும் பெட்டி கட்டியவர்களும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள். அவர்களுக்குக் கொடுத்த கூலி போதுமா என்று 1913-இல் இல்லினாய் செனட் குழு ஒன்று ரோசன்வால்டை நேரில் அழைத்துக் கேட்டது. அவர் சொன்ன பதில் பலருக்குத் திருப்தி தரவில்லை. 1916-இல் ஊழியர்களுக்கு லாபத்தில் பங்கு தரும் சேமிப்பு நிதியைத் தொடங்கினார். ஊழியர் சம்பளத்திலிருந்து ஒரு பகுதி, கம்பெனி லாபத்திலிருந்து ஒரு பகுதி. அந்த நிதி பின்னால் பலரைக் கையில் பணத்தோடு ஓய்வு பெற வைத்தது. ஆனாலும் 1913-இல் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். கடிகாரத்தை நம்பி ஒரு முறையை அமைக்கும்போது அந்தக் கடிகாரத்தின் கீழே நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். நாம் வடிவமைப்பவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கையைக் கடித்த வருடம்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு விலைகள் ஏறின, எல்லாரும் சரக்கைக் குவித்தார்கள். திடீரென்று விவசாயப் பொருள் விலை விழுந்தது. விவசாயி கையில் பணமில்லை. 1921-இல் சியர்ஸ் கம்பெனிக்குச் சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர் நஷ்டம். கோடோன் நிறையப் பழைய விலைக்கு வாங்கிய சரக்கு. ரோசன்வால்ட் தன் சொந்தச் சொத்தைக் கொண்டுவந்து வைத்தார். கம்பெனியின் சிகாகோ நிலத்தையும் கட்டடங்களையும் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். தன்னுடைய பங்குகளில் 50 லட்சம் டாலர் மதிப்புள்ளதைக் கம்பெனிக்கே இனாமாகக் கொடுத்தார். முதலாளி மூழ்கும் கப்பலில் இருந்து குதிக்காமல் தன் பெட்டியையும் உள்ளே தூக்கிப் போட்டார். கம்பெனி பிழைத்தது.

1924-இல் தலைவர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுச் சேர்மனாக மட்டும் இருந்தார். மோட்டார் கார் வந்துவிட்டது, விவசாயி இனிமேல் கடைக்கே வருவார் என்று புதிதாக வந்த ராபர்ட் வுட் சொன்னதை ஏற்று, 1925-இல் ஹோமன் அவென்யூ வளாகத்திலேயே முதல் கடை திறந்தார்கள்.

ஐந்தாயிரம் பள்ளிகள்

இப்போது அவர் வாழ்க்கையின் இன்னொரு பாதி. 1911-இல் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசு கட்டிய பள்ளிக்கூடம் என்று பெயருக்குத்தான் இருந்தது. பல ஊர்களில் அதுவும் இல்லை. 1912-இல் ரோசன்வால்ட் தன் ஐம்பதாவது பிறந்த நாளுக்குப் பல தர்மங்கள் செய்தபோது, வாஷிங்டனின் டஸ்கீஜி கல்விக் கூடத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிச்சமான சிறு தொகையில் அலபாமா கிராமங்களில் ஆறு பள்ளி கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். சரி என்றார். அந்த ஆறு, 1932-க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளாக ஆனது.

இங்கேயும் அதே மனிதரைத்தான் பார்க்கிறேன். பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஊர் மக்கள் ஒரு பங்கு போட வேண்டும், அரசு கல்வித் துறை ஒரு பங்கு போட வேண்டும், மீதியை நான் போடுகிறேன் என்பது ஏற்பாடு. பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்த மக்கள் கோழி விற்றும், ஒரு பாத்தி பருத்தியைப் பள்ளிக்கென்று ஒதுக்கியும், மரமும் உழைப்பும் கொடுத்தும் தங்கள் பங்கைப் போட்டார்கள். கணக்குப் பார்த்தால் ரோசன்வால்ட் கொடுத்ததைவிட அந்த ஏழை மக்கள் திரட்டியது சற்று அதிகம். பள்ளிகளுக்கு முன்கூட்டியே வரைந்த பிளான்கள் இருந்தன. மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால், கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும், வெளிச்சத்துக்கு ஜன்னல் எவ்வளவு உயரம் வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. ஊரார், அரசாங்கம், நன்கொடையாளர் என்று மூன்று டிபார்ட்மெண்ட். சேரும் இடம் ஒரு பிள்ளையின் பெஞ்சு. அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள்தான் பின்னாளில் எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும், சிவில் உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸும்.

1917-இல் தொடங்கிய தன் அறநிதியைத் தான் இறந்து 25 வருடத்துக்குள் அசலோடு செலவழித்து மூடிவிட வேண்டும் என்று எழுதி வைத்தார். அந்தந்தத் தலைமுறைக்கு வேண்டியதை அந்தந்தத் தலைமுறை கொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. அதன்படியே 1948-இல் மூடினார்கள். சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகமும் அவர் பணத்தில் எழுந்ததுதான். அதற்குத் தன் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1932 ஜனவரி 6-ஆம் தேதி, தன் 69-ஆம் வயதில் காலமானார்.

முடிவாக

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 1993-இல் சியர்ஸ் தன் பெரிய கேட்லாக்கை நிறுத்தியது. வீட்டிலிருந்தே பார்த்து ஆர்டர் செய்யும் பழக்கம் இன்டர்நெட் வழியாகத் திரும்பி வந்தது அதற்கு ஓரிரு வருடத்தில்தான். அதை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த கம்பெனி அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. 2018-இல் திவால் மனு கொடுத்தது. ஹோமன் அவென்யூவில் அந்த ஒன்பது மாடிக் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் பழைய கோபுரம் மட்டும் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. ஒரு முறையை ஒருவர் அமைத்துவிட்டுப் போகலாம். அதைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். அந்த விவசாயி வந்து போன பிறகு, எங்கள் பிரிவில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். ஒரு போர்டு. ஒரு ஆர்டருக்கு ஒரு வரி. பம்ப், மோட்டார், கேபிள், பேனல் நான்குக்கும் ஒரே தேதி. எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதை அந்தப் பக்கம் போகிற யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. முதல் மாதம் சண்டைதான். ஆனால் எங்க பக்கம் கரெக்ட் என்ற பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு காலிக் கட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

தம்பி தங்கைகளே, நீங்கள் இங்கிருந்து போய் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு டிபார்ட்மெண்ட்டில் உட்காரப் போகிறீர்கள். டிசைன், புரொடக்‌ஷன், குவாலிட்டி, சாஃப்ட்வேர், எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் வேலையில் புலியாக இருங்கள். அது முதல் பாடம், அதை நம் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே, உங்கள் மேஜையை விட்டுப் போன பொருள் கடைசியில் எந்த வீட்டு வாசலில், யார் கையில் போய்ச் சேருகிறது என்று ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். ரோசன்வால்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

இந்த மலரைத் தயாரித்த நண்பர்களும் பல டிபார்ட்மெண்ட்டாகத்தான் உழைத்திருக்கிறார்கள். கட்டுரை தாமதமாகத் தந்த என்னைப் போன்றவர்களையும் பொறுத்துக்கொண்டு, உங்கள் கைக்கு ஒரே புத்தகமாகக் கொண்டுவந்து சேர்த்த அவர்களுக்கு நன்றி. அடுத்த சந்திப்பில் மெஸ் வாசலில் பார்ப்போம். இட்லியும் சாம்பாரும் சேர்ந்தே வரட்டும்!